மூன்றாம் விடை

1974 மார்ச் 5, செவ்வாய். பி.ப. 7.10. ஐம்பதில் முப்பத்தேழு.

வெயில். காற்று இல்லை. துறைமுகத் தண்ணீர் அசையவே இல்லை.

முப்பத்தேழு போதாது. வெட்டுப்புள்ளி நாற்பத்திரண்டு என்று கதை. திருகோணமலைக்கு இருப்பது ஒரே இடம், போர்மன் பயிலுநர். எங்கள் வேலைத்தளத்திலிருந்து இருவர் விண்ணப்பம்: நானும் நசூரும். பரீட்சை 16 சனி. இன்னும் பதினொரு நாள்.

இன்று செய்தவை: துறைமுகப் படகு 2ஆம் லோஞ்சின் காற்று வடிகட்டி கழுவியது. கிரேன் பிரேக், பாதி. 5.25க்கு 6ஆம் லோஞ்ச், புது இன்ஜெக்டர், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தது. புகை சரி. 5.40க்குப் பேக்கரிப் பாண் கியூவுக்கு ஓட்டம். முன்னால் அறுபது பேராவது. ஒரு இறாத்தல் கிடைத்தது. அக்கா: "இது பாணோ, செங்கல்லோ?"

மதியம் லோஞ்ச்கள் கட்டும் ஜெட்டியில் நசூரோடு மாதிரித் தாள். ரோனியோப் பிரதி, பாதி எழுத்து மங்கல். வினாவில் சில தரவு, கீழே ஒரு முடிவு. முடிவைப் பற்றி ஐந்தில் ஒன்று சொல்லவேண்டும். 1 நிச்சயமாக உண்மை. 2 பெரும்பாலும் உண்மை. 3 தரவு போதாது. 4 பெரும்பாலும் பொய். 5 நிச்சயமாகப் பொய். ஐம்பது வினா, அறுபது நிமிடம். ஒன்றுக்கு எழுபத்திரண்டு விநாடி.

வினா 14. மஞ்சள் கொடி கட்டிய கப்பல்கள் எல்லாம் துறைமுகத்துக்கு வெளியே நிற்கின்றன. 'க' என்ற கப்பல் வெளியே நிற்கிறது. முடிவு: 'க' மஞ்சள் கொடி கட்டியிருக்கிறது.

4 போட்டேன். விடைப் புத்தகம் 3 என்கிறது. வெளியே நிற்கும் கப்பல்களில் பாதிக்கு மேல் இறக்க இடம் கிடைக்காமல் நிற்பவை. மஞ்சள் கொடி, சுகாதாரப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் கப்பலுக்கு. ஜெட்டியில் இருந்து தலையைத் திருப்பினாலே தெரியும். வினா போட்டவன் துறைமுகத்தைக் கண்ணால் கண்டிருக்கமாட்டான்.

நசூர் சொன்னான்: "மச்சான், அவன் கேட்டது நம்மட துறைமுகத்த இல்ல. அந்தக் கடதாசில உள்ள துறைமுகத்த."

"அப்பிடி ஒரு துறைமுகம் எங்க இருக்கு?"

"கடதாசிலதான்."

வினா 22. ஏழு மணிக்குப் பிந்தி வந்தவர்களின் பெயரெல்லாம் சிவப்பு மையில் எழுதப்படும். கந்தனின் பெயர் சிவப்பு மையில் இல்லை. முடிவு: கந்தன் ஏழு மணிக்குப் பிந்தாமல் வந்தான்.

1 போட்டேன். இதைவிடச் சுலபமான வினா கிடையாது என்று நினைத்தேன். பிழை. நசூர் சிரித்துச் சிரித்துப் பிளேன்ரீயைக் களிசானில் கொட்டிக்கொண்டான்.

"கந்தன் வேலைக்கே வரல்ல மச்சான்! ஊட்ட படுத்துக் கெடக்கான்!"

அவனுக்கு நாற்பத்தொன்று. அதுவும் கடைசி ஆறு வினாவைத் தொடாமல். ஆமை. ஒவ்வொரு வினாவையும் மூன்று தரம் வாசிக்கிறான். எல்லாவற்றையும் முடிக்கிற நான் முப்பத்தேழு. எரிச்சல்.

கடையில் எச்.பி. பென்சில் ஒன்றுதான் தந்தார்கள். இரண்டு கேட்டதற்கு முறைப்பு. பரீட்சைக்கு முதல்நாள் ஆளுக்குப் பாதியாக வெட்டுவதாகப் பேச்சு. அதுவரை என்னிடம்.


மார்ச் 6, புதன். பி.ப. 6.45

உடம்பு முழுக்க டீசலும் உப்பும்.

6ஆம் லோஞ்ச் மூழ்கிப்போனது. முழுக்க இல்லை. பின்பக்கம் இறங்கி, கட்டின கயிற்றில் தொங்கிக்கொண்டு. இயந்திரத்துக்கு மேல் கடல். சறங்கு சூசை அண்ணன்தான் விடியற்காலை கண்டது. லோஞ்ச் ஓட்டுகிறவர் அவர். நாங்கள் வரும்போது ஜெட்டியில் நின்று கைதட்டிக் கூப்பிடுகிறார்.

"தம்பிமாரே, உங்கட பிள்ளை தலை முழுகி நிக்குது. சாம்பிராணி போட ஓடி வாங்கோ!"

ஏழிலிருந்து பத்தரை வரை பம்ப். இறைத்து முடிந்ததும் நான்தான் கீழே இறங்கினேன். கண்டது:

அ. இயந்திரம் சூடாகாமல் இருக்கக் கடல்தண்ணீர் எடுக்கிற வால்வு முழுக்கத் திறந்திருந்தது, எட்டுச் சுற்றும்.
ஆ. அதிலிருந்து போகிற றப்பர் குழாய் கழுத்தில் பிளவு. புதுக் குழாய் கேட்டு எழுதி ஒரு வருடம். இறக்குமதி இல்லையாம்.
இ. ஆணியில் தகரம். இலக்கம் 11.

இந்தத் தகரம் எங்கள் வேலைத்தள வழக்கம். பின்னேரம் வால்வை மூடுகிறவன் தன் இலக்கம் அடித்த தகரத்துண்டைப் பக்கத்து ஆணியில் மாட்டவேண்டும். அடுத்துத் திறக்கிறவன் அதைக் கழற்றவேண்டும். ஆணியில் தகரம் தொங்கினால் வால்வு மூடி என்று அர்த்தம்.

11 நசூர். நாலரைக்கு மூடித் தகரம் மாட்டி, ஐந்து மணிக் கிண்ணியா பஸ்ஸில் போனவன்.

நான் 5.25க்கு அதே இயந்திரத்தை ஓட்டினேன். உள்ளே போன கடல்தண்ணீர் புகைக்குழாயால் நன்றாக வெளியே வந்தது. நான் வால்வைத் தொடவில்லை. அப்படியென்றால் அது ஏற்கெனவே திறந்திருந்தது. அப்படியென்றால் நசூர் மூடாமலே தகரத்தை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். இரண்டே படி. எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்.

இன்று கிண்ணியா பஸ் பிந்தியதால் நசூர் அப்போதுதான் வந்து நின்றான். சோற்றுப் பார்சல் கையில்.

"நான் மூடின. எண்ணி எட்டுச் சுத்து."

"மூடின வால்வால தண்ணி வராது நசூர்."

"நீ வரக்கொள்ள துறந்து கெடந்ததா? பாத்தியா?"

"பாக்கத் தேவையில்லை. தண்ணி வந்தது."

ஆட்கள் சிரித்தார்கள். அவன் பார்சலை நிலத்தில் வைத்துவிட்டுப் பம்பைக் கழற்றித் தூக்க வந்தான்.

தகரம் ஆணியில் இருந்ததா என்று 5.25க்குப் பார்த்தேனா? இல்லை. பத்து நிமிட வேலைக்குத் தகரம் பார்ப்பதில்லை. பிழைதான். ஆனால் அது வேறு பிழை.


மார்ச் 7, வியாழன். பி.ப. 6

இயந்திரத்தைத் திறந்தோம். எண்ணெய்த் தட்டில் பால்தேநீர் நிறத்தில் குழம்பு. நன்னீரால் மூன்று தரம், டீசலால் இரண்டு தரம் கழுவல். உயிர் பிழைக்கும்.

பத்து மணிக்கு அதிகாரி துரைசிங்கம் ஐயா கூப்பிட்டார். அறையில் மின்விசிறி, சுருட்டு மணம்.

"இரும். நீர் டிப்ளோமாக்காரன். சுத்தி வளைக்கமாட்டீர் எண்டுதான் உம்மை முதல்ல கூப்பிட்டனான். செவ்வாய்க்கிழமை வால்வை நீர் திறந்தனீரோ?"

"இல்லை ஐயா."

"நிச்சயமாய்?"

"நிச்சயமாய்."

"அப்ப நீர் போகேக்க அது திறந்துதான் கிடந்தது."

"ஓம் ஐயா. திறக்காமல் தண்ணி வராது."

"மூடியிருக்கவேண்டியவர் ஆர்?"

"பதினொண்டு."

அவரே எழுதினார், வாசித்துக் காட்டினார். 'வால்வை நான் திறக்கவில்லை. ஆகவே 11ஆம் இலக்கத் தொழிலாளி அதை மூடாமலே தகரத்தை மாட்டியுள்ளார்.' கையெழுத்து வைத்தேன், 10.20. கதை அளக்காமல் நாலு வரியில் முடித்தது நல்லது என்றார்.

பிறகு: "பரீட்சை அனுமதி அட்டை கொண்டு வந்தனீரோ?"

சட்டைப் பையில்தான் இருந்தது. மேலதிகாரி அத்தாட்சிக் கையெழுத்து இல்லாவிட்டால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். முத்திரை குத்தி, கையெழுத்து வைத்து, ஊதிக் காயவைத்துத் தந்தார்.

"நசூருடைய அட்டை இப்ப ஏலாது. விசாரணை முடியட்டும். வெள்ளிக்கிழமை பதினைஞ்சு, காலமை ஒன்பது."

பதினைந்து. பரீட்சைக்கு முதல்நாள். குற்றம் என்று வந்தால் அட்டை இல்லை. அவனுக்கு ஜூனில் இருபத்தெட்டு. அதற்குமேல் விண்ணப்பிக்க ஏலாது. இதுதான் கடைசித் தடவை.

வருத்தம்தான். ஆனால் நான் கண்டதைத்தான் சொன்னேன்.


மார்ச் 9, சனி. பகல் 2

அரைநாள். தலையிடி. நேற்றும் இன்றும் நசூர் மதியம் வேறு பக்கம் போய்ச் சாப்பிட்டான். புத்தகம் என்னிடம்.

செவ்வாய் எழுதின தாளின் பிழைகளைப் பிரித்தேன். பதின்மூன்று பிழை. அதில் பதினொன்றுக்குச் சரியான விடை 3. நான் 3 போட்ட தடவைகள்: பூச்சியம். ஐம்பது வினாவில் ஒரு தடவைகூட இல்லை!

காரணம் தெரியும். பயிற்சியில் மூன்று வருடம். இயந்திரம் ஏன் நின்றது என்று கேட்டால், தெரியாது என்றவனுக்குப் பூச்சியம். ஏதாவது சொன்னவனுக்குப் பாதிப் புள்ளி. 'தரவு போதாது' என்பவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியவன். அப்படித்தான் பழக்கினார்கள், அப்படித்தான் பழகினேன்.

விதி எழுதி வைக்கிறேன்:
1க்கும் 2க்கும் இடையில்: முடிவு பிழைக்கிற ஒரு வழியாவது கண்டுபிடி. கிடைத்தால் 1 செத்தது.
4க்கும் 5க்கும் அதே மாதிரி.
2க்கும் 3க்கும் இடையில்தான் கஷ்டம். சாய்வு தாளில் இருக்கிறதா, என் தலையில் இருக்கிறதா? தலையில் என்றால் 3.

அக்கா மரவள்ளி உரித்துக்கொண்டு இருந்தாள். சும்மா கேட்டுப் பார்த்தேன். இந்தத் தெருவில் நாய் வளர்க்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் வேலி உண்டு. ராணி வீட்டுக்கு வேலி உண்டு. ராணி நாய் வளர்க்கிறாள். சரியா?

"எந்த ராணி?"

"ஒரு ராணி. தாளில உள்ள ராணி."

"எனக்கெப்பிடித் தெரியும்? போய்ப் படலையைத் தட்டிக் கேள்."

"அப்பிடிச் சொல்லக்கூடாது. விடை சொல்லோணும்."

"தெரியாது எண்டுறதும் விடைதானே. விசரா."

பத்து வினா கேட்டேன், எட்டு சரி. நேரம் பார்க்காமல் செய்தாள் என்பதையும் எழுதிவைக்கிறேன்.


மார்ச் 11, திங்கள். பி.ப. 6.20

நேற்று ஒன்றும் எழுதவில்லை. வெளியே கப்பல் நாலு. மஞ்சள் கொடி ஒன்றில் மட்டும்.

இன்று கருவி அறையில் நசூர் பிடித்துக்கொண்டான். கதவுக்குக் குறுக்கே நின்றான். குரல் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நல்லது.

"நீ எழுதிக் குடுத்தத ஐயா வாசிச்சுக் காட்டின. 'ஆகவே' எண்டு போட்டிருக்காய்."

"ஓம்."

"'நான் திறக்கவில்லை' எண்டும் போட்டிருக்காய். எப்பிடித் தெரியும்?"

"திறந்திருந்தா நினைவிருக்கும்."

"நேத்து உன்ட சேர்ட்டுக்குப் பொத்தான் போட்டது நினைவிரிக்கா?"

"அது வேற."

"என்ன வேற?"

பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். அவனுக்கு அட்டை போகிறது, அதனால் பிடிக்க ஒரு கொம்பு தேடுகிறான்.

"நான் மூடின எண்டு சொன்னனே மச்சான். எட்டுச் சுத்து எண்டும் சொன்ன. நான் சொன்னத நீ ஒரு தரவா எடுக்கவே இல்லியே?"

"குற்றம் சாட்டப்பட்டவன் அப்பிடித்தான் சொல்லுவான்."

வாயில் வந்துவிட்டது. அவன் கதவை விட்டு விலகினான். என்னைப் போகச் சொல்கிற மாதிரிக் கையைக் காட்டினான், பெரிய மனிதருக்கு வழிவிடுகிற மாதிரி.

விசாரணையைப் பற்றி நசூர் தன் வாப்பாவுக்குச் சொல்லவில்லையாம், கருவி அறைக் கிளார்க் சொன்னார். அட்டை வந்தது என்று வீட்டில் பாயாசம் வைத்தார்களாம்.


மார்ச் 12, செவ்வாய். பி.ப. 6.30

எழுத்து கோணல். நடந்ததை நடந்தபடி.

3.15. 4ஆம் லோஞ்ச். எண்ணெய் அழுத்தம் குறைவு என்று சூசை அண்ணன் சொன்னார். அவர் மேல்படியில் வெற்றிலை மடித்துக்கொண்டு இருந்தார். நான் உள்ளே. மதியம் பார்த்த வினா 31 தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, 2ஆ 3ஆ என்று. இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணினேன். அழுத்தம் பார்த்தேன். எட்டிப் பார்த்தேன், புகைக்குழாயால் தண்ணீர்.

அப்போது நினைத்தேன்: பார், இங்கேயும் நான் வால்வைத் தொடவில்லை, இங்கேயும் திறந்து கிடக்கிறது. நசூர் மட்டும் இல்லை, இந்த வேலைத்தளத்தில் எல்லாருமே இப்படித்தான். சந்தோஷமாகக்கூட இருந்தது. மேலே கத்தினேன்.

"அண்ணை, இதையும் ஒருத்தரும் மூடேல்லை! திறந்து கிடக்கு!"

அவர் வெற்றிலையை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, வெயிலோ? இப்ப நீதானே திறந்தனீ."

"நானோ?"

"பின்ன என்ர பேரனோ? குந்தியிருந்து சுத்துசுத்தெண்டு சுத்தினாய். வாயில ரெண்டு மூண்டு எண்டு என்னமோ மந்திரம் வேற. தகரத்தையும் கழட்டேல்லை. நான் பேசாமல் இருந்தனான், டிப்ளோமாக்காரருக்கு நாங்கள் என்ன சொல்லுறது."

ஆணியைப் பார்த்தேன். 8ஆம் இலக்கத் தகரம் தொங்கிக்கொண்டிருந்தது. என் வலது உள்ளங்கையில் வால்வுப் பிடியின் பச்சைக் களிம்பு, வட்டமாக.

திறந்து மூன்று நிமிடம் ஆகவில்லை. நினைவே இல்லை. இப்போது இதை எழுதும்போதும் இல்லை. சூசை அண்ணன் சொன்னதும் உள்ளங்கைக் களிம்பும் மட்டும்தான்.

வால்வை மூடினேன். எட்டு வரை வாய்விட்டு எண்ணினேன். அவர் சிரித்தார்.


மார்ச் 13, புதன். மு.ப. 5.50

நித்திரை சரியில்லை. 5ஆம் திகதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். '5.25க்கு 6ஆம் லோஞ்ச், புது இன்ஜெக்டர், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தது. புகை சரி.' வால்வைப் பற்றி ஒரு சொல் இல்லை. திறந்தது என்றும் இல்லை, திறக்கவில்லை என்றும் இல்லை.

தரவு: நான் இயந்திரத்தை ஓட்டினேன். தண்ணீர் வந்தது. வால்வைத் திறந்த நினைவு எனக்கு இல்லை. முடிவு: வால்வை நான் திறக்கவில்லை.

இதற்கு 1 போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

கந்தன். சிவப்பு மையில் பெயர் இல்லை என்றதும் நேரத்துக்கு வந்தான் என்று போட்ட அதே கை. என் நினைவில் இல்லை என்றதும் நடக்கவில்லை என்று போட்டது.

பி.ப. 6.10

மதியம் தனியே தாள் செய்தேன். 46. ஐம்பத்தெட்டு நிமிடம். 3 போட்டது பன்னிரண்டு தடவை, பத்து சரி. போன கிழமை இந்த எண்ணைக் கண்டிருந்தால் ஜெட்டியில் ஆடியிருப்பேன்.

இனிக் கணக்கு.

பேசாமல் இருந்தால்: வெள்ளி நசூர் குற்றவாளி. எனக்கு அட்டை கையில். 46 எடுக்கிறவன். போட்டிக்கு வேலைத்தளத்தில் வேறு ஆள் இல்லை. சூசை அண்ணனுக்கு 4ஆம் லோஞ்ச் ஒரு பகிடி, அவ்வளவுதான். அதை 6ஆம் லோஞ்சோடு சேர்த்துப் பார்க்கிறவன் இந்த ஊரில் நான் ஒருவன். இந்தக் கொப்பி ஒன்று.

பேசினால்: கையெழுத்து வைத்த வாக்குமூலத்தை மாற்றினவன். தகரம் பாராதவன். விசாரணை என் பக்கம் திரும்பும். அட்டையை ஐயா திருப்பிக் கேட்கலாம். எனக்கு இருபத்துநாலு, இன்னும் தடவை உண்டு என்று ஒரு மனம். அடுத்த இடம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும் என்று மற்ற மனம்.

இன்னொன்று. பேசினாலும் என்ன பேசுவது? 'நான்தான் திறந்தேன்' என்பதா? அதுவும் எனக்குத் தெரியாது. 4ஆம் லோஞ்சில் திறந்தவன் 6ஆம் லோஞ்சிலும் திறந்திருப்பான் என்பது 2. நல்ல 2. ஆனால் 1 இல்லை.

அக்கா: "என்னடா, சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறாய்? பரீட்சைப் பயமோ?"

"ஓம்."

"உனக்கென்ன பயம்? ஐயாவே கையெழுத்து வைச்சுத் தந்திட்டார்."

எழும்பிக் கை கழுவினேன்.


மார்ச் 14, வியாழன். பி.ப. 6

சொல்லிவிட்டேன். ஐயாவிடம் இல்லை. நசூரிடம்.

மதியம், ஜெட்டி முனை. அவன் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் வைத்திருந்தான். 4ஆம் லோஞ்சில் நடந்ததைச் சொன்னேன். சூசை அண்ணன் சொன்னது, களிம்பு, எல்லாம். அவன் கடலையே பார்த்துக்கொண்டு கேட்டான். முடிய:

"அப்ப கந்தன் ஊட்டதான் கெடந்திருக்கான்."

சிரிக்கவில்லை. நானும் இல்லை.

"நீ துறந்தியா?"

"தெரியாது."

"ஒரு கிழமையா உனக்குத் தெரியும். இப்பதான் தெரியாதா?"

"அப்பவும் தெரியாது நசூர். தெரியும் எண்டு நினைச்சனான்."

"அப்ப ஒண்டு செய். நாளைக்கு ஐயாக்கிட்ட 'நான்தான் துறந்தன், மூட மறந்திட்டன்' எண்டு சொல்லு. முடிஞ்சிது. அவர் என்ட அட்டையில கையெழுத்து வைப்பார்."

"அது உண்மையோ எண்டு எனக்குத் தெரியாதே."

அப்போதுதான் முதல்தரம் கத்தினான். கிரேன்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கெதிரா எழுதக்கொள்ள தெரிஞ்சிது! எனக்காக எழுதச் சொன்னா தெரியாதா? எங்கடா படிச்ச இந்த நீதிய?"

உள்ளதைச் சொன்னேன். தெரியாததைத் தெரியும் என்று எழுதித்தான் உன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். திரும்பவும் தெரியாததைத் தெரியும் என்று எழுதினால், அது நல்லதுக்கு எழுதினாலும், ஐயா இரண்டு கேள்வியில் உடைத்துவிடுவார். திறந்தது எந்தக் கையால், தகரம் எங்கே இருந்தது என்பார். முழிப்பேன். கூட்டாளியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று எழுதுவார். பிறகு உன் பேச்சும் போகும்.

பார்சலைப் பிரித்தான். மீன்பொரியல், சம்பல். பாதி சோறு சாப்பிட்டான். என்னைக் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பான்.

எழும்பும்போது: "நீ என்ன வேணுமெண்டாலும் சொல்லு. ஆனா 'ஆகவே'ய வெட்டு. அந்தச் சொல்லுத்தான் ஒரு கிழமையா என்ட நெஞ்சில கெடக்கு."

பிறகு நாலைந்து அடி போய்த் திரும்பி: "என்ட எட்டுச் சுத்தையும் எழுது. நான் சொன்னதா எழுது."

பென்சிலைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டுவதாக இருந்தது இன்றா, நாளையா? நினைவில்லை. இனி இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் கை ஒரு முறை நிற்கும்.


மார்ச் 15, வெள்ளி. மு.ப. 6.05

கிழக்கே மெல்லிய மேகம். காற்று சற்று. விசாரணைக்கு இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம். அக்கா பாண் கியூவுக்குப் போய்விட்டாள், நான் போகவேண்டிய முறை.

சேர்ட் போட்டேன். பொத்தான் ஐந்து. போட்டது நினைவிருக்கிறது, எண்ணிப் போட்டதால்.

செய்யவேண்டியவை:

1. 8.30க்கு ஐயாவின் அறைக்குப் போகவேண்டும், விசாரணை தொடங்கமுன். அவர் இரும் என்றாலும் நின்றே சொல்லவேண்டும்.

2. 7ஆம் திகதி வாக்குமூலத்தில் 'வால்வை நான் திறக்கவில்லை' என்பதை வெட்டி, 'திறந்த நினைவு எனக்கு இல்லை. திறக்கவில்லை என்று சொல்லவும் என்னால் ஏலாது' என்று எழுதவேண்டும். 'ஆகவே' தொடங்கி வருவது முழுவதும் வெட்டு. வெட்டினதுக்குப் பக்கத்தில் கையெழுத்து. தகரத்தை நான் பார்க்காததையும் எழுதவேண்டும்.

3. 11ஆம் இலக்கத் தொழிலாளி எட்டுச் சுற்று எண்ணி மூடியதாகச் சொல்கிறார் என்று சேர்க்கவேண்டும். அவர் சொன்னது என்று.

4. 4ஆம் லோஞ்சில் நடந்ததைச் சொல்லி, சூசை அண்ணனைக் கூப்பிடச் சொல்லவேண்டும். சிரிப்பார். சிரிக்கட்டும்.

5. 'நான்தான் திறந்தேன்' என்று சொல்லக்கூடாது. ஐயா வற்புறுத்தினாலும், நசூரின் முகத்தைப் பார்த்தாலும்.

6. என் அட்டையை மேசையில் வைக்கவேண்டும். நசூரின் அட்டையை மறிக்கிற அளவு தரவு என் அட்டைக்கும் எதிராக இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்து, அல்லது இரண்டிலும் இல்லை. இதைச் சொல்லும்போது குரல் உயர்த்தக்கூடாது.

7. இப்போதே பென்சிலை வெட்டவேண்டும். சரி பாதி, இரண்டு பக்கமும் சீவி. ஒரு பாதி நசூருக்கு. வாங்குவானா: 3.